காதில் விழும் வரிசை

பழவேற்காட்டைப் பற்றி ஏட்டில் இருக்கும் வரலாறு பெரும்பாலும் கடல் கடந்து வந்த வணிகர்களின் வரலாறு. 1613இல் டச்சுக்காரர்கள் எழுப்பிய கெல்டிரியா கோட்டை, கல்லறைத் தோட்டத்தில் செதுக்கி நட்ட கற்கள், துணி வணிகம், மனிதர்களையே சரக்காக ஏற்றிச் சென்ற கப்பல்கள் என்று அதற்குச் சான்றுகள் ஏராளம். பழவேற்காட்டு ஏரியில் யார், எங்கே, என்றைக்கு வலை போடலாம் என்பதைத் தீர்மானித்த வரலாறு அப்படி ஏட்டில் ஏறவில்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவ மீனவர்கள் தலைமுறைகளாக நடத்திவந்த பாடு முறையில்தான் அது இருக்கிறது. இறால் நன்றாகப் படும் இடங்கள், ஊர்க்கணக்கில் தலைக்கட்டாகச் சேர்ந்தவர்களுக்கு முறைவைத்துச் சுழற்சியாக வரும். 2008இல் வெளியான சாரா கூல்தார்டின் ஆய்வு உட்படப் பல ஆய்வுகள் இந்த முறையைப் பதிவு செய்திருக்கின்றன. அவை பெரும்பாலும் மீன்வளத்தைக் காக்கும் ஏற்பாடு என்ற கோணத்திலேயே அதை அணுகுகின்றன. என் அக்கறை அதன் இன்னொரு தன்மையில். பாடு முறையின் வரிசை, ஊர் கூடிப் பேசி நிலைத்த வரிசை. தன் முறை எப்போது, தனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்பதை ஒருவர் காதால் கேட்டே அறியலாம், வாயால் சொல்லியே வழக்காடலாம்.

இன்று அந்தக் குப்பங்களுக்கு வரும் உரிமைகளில் பெரும்பகுதி ஊர்க்கூட்டத்தில் முடிவாவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்குரிய நிவாரணம், மீனவர் நலவாரிய உதவிகள், உழவர் கடன் அட்டையின் கீழ் மீனவர்களுக்கும் விரிவாக்கப்பட்ட கடன் எல்லாமே ஏதோ ஒரு பதிவேட்டில் பெயர் ஏறுவதைப் பொறுத்தவை. 2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு தேசிய மீன்வள டிஜிட்டல் தளத்தைத் தொடங்கி, மீன்பிடித் தொழிலில் உள்ளவர்கள் அதில் பதிந்து அடையாளம் பெற வேண்டும் என்றது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கும் இணையவழி விண்ணப்பமே வழி. ஊரின் முன் சொல்லப்பட்ட வரிசையின் இடத்தில் திரையில் விரியும் படிவம் வந்து உட்கார்ந்திருக்கிறது. பார்வையில்லாத ஒருவர் இந்தப் படிவத்தைத் தன் கையால் நிரப்ப முடியுமா என்ற கேள்வியைப் பலரும் இரக்கத்தின் கேள்வியாகவோ புதுத் தொழில்நுட்பத்தின் கேள்வியாகவோ எடுத்துக்கொள்கிறார்கள். தமிழ் எழுத்து கருவிகளில் ஏறிய வரலாற்றைப் பார்த்தால் இது பழைய கேள்வி என்று தெரிகிறது. எழுத்தைக் காதின் வரிசைப்படி அமைத்த காலத்தில் பார்வையற்றவர்களுக்கு வழி திறந்தது. கண்ணின் வசதிப்படி அமைத்த காலத்தில் அடைபட்டது. படிவம் இந்த இழுபறியின் அண்மைக் கட்டம்.

படிவத்தைக் காதால் நிரப்புவது எப்படி என்பதை முதலில் விளக்க வேண்டும், ஏனென்றால் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் அதைக் கண்டதில்லை. திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் திரையில் உள்ளதைப் பேச்சாகவோ பிரெய்லாகவோ தருகிறது. பார்ப்பவர் பக்கம் முழுவதையும் ஒரே வீச்சில் அள்ளிக்கொள்வார். கேட்பவருக்கு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். டேப் விசையை அழுத்தினால் அடுத்த பெட்டி, ஷிப்ட்டோடு சேர்த்து அழுத்தினால் முந்தைய பெட்டி. தேர்வுக் கட்டத்தில் டிக் போட ஸ்பேஸ் பார், பல விடைகளில் ஒன்றைத் தேர அம்பு விசைகள், பொத்தானை இயக்க என்டர். என்விடிஏ, ஜாஸ் போன்ற திரைவாசிப்பான்களில் ஒற்றை எழுத்தே கட்டளையாகும்: எச் அடித்தால் அடுத்த தலைப்பு, எஃப் அடித்தால் அடுத்த படிவக்கூறு, பி அடித்தால் அடுத்த பொத்தான். பெட்டிக்குள் பெயர் எழுதத் தொடங்கும்போது அதே எஃப் வெறும் எழுத்தாகிவிட வேண்டும். அதனால் உலாவும் நிலை, எழுதும் நிலை என்று இரண்டு நிலைகள் உண்டு; ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது என்விடிஏ ஒரு சிற்றொலி எழுப்பும், இன்சர்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி நாமே மாற்றிக்கொள்ளவும் முடியும். கைபழகியவர் இவற்றை எண்ணிப் பார்க்காமலே செய்வார், வேகமாகவும் செய்வார். ஆனால் அவருடைய திறமை முழுவதும் இரண்டு விஷயங்களை நம்பி நிற்கிறது. பெட்டிகள் பொருள் தொடர்ச்சியோடு வரிசையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் பெயர் நிரலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். பெயர் இல்லாத பெட்டியில் நின்றால், எழுதும் இடம் ஒன்று காலியாக இருக்கிறது என்பதற்கு மேல் திரைவாசிப்பானால் எதுவும் சொல்ல முடியாது. அங்கே எழுத வேண்டியது ஆதார் எண்ணா, அப்பா பெயரா, படகின் பதிவெண்ணா என்பதை அவர் ஊகிக்க வேண்டியதுதான்.

விசைகளுக்கும் பார்வையின்மைக்கும் உள்ள உறவு கணினியைவிட மிகப் பழையது. இத்தாலியில் பெல்லக்ரினோ டுர்ரி செய்த தொடக்ககாலத் தட்டச்சுப் பொறி ஒன்றைக் கரோலினா ஃபான்டோனி என்ற பார்வையற்ற சீமாட்டி பயன்படுத்தினார். அதில் அடித்த 1808ஆம் ஆண்டுக் கடிதம் இன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1890 வாக்கில் ஆனி ஆஸ்க்வித் பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் கல்வியைத் தொடங்கினார். அதன்பின் இந்திய மொழிகளுக்கு ஆளுக்கொரு பிரெய்ல் முறை முளைத்துப் போட்டியிட்டது. 1951இல் பாரதி பிரெய்ல் வந்த பிறகுதான் அந்தக் குழப்பம் ஓய்ந்தது. பாரதி பிரெய்ல் செய்த ஒரு தேர்வுக்கு உரிய கவனம் இதுவரை கிடைக்கவில்லை. தமிழில் 'கெ' என்று எழுதும்போது கொம்பு கண்ணுக்கு முன்னால் நிற்கும்; ககரம் பிறகு வரும். நாவும் காதும் அறிந்த வரிசை நேர்மாறானது: முதலில் க் என்னும் மெய், பிறகு எ என்னும் உயிர். பாரதி பிரெய்ல் நாவின் வரிசையையே எடுத்துக்கொண்டது. ககரப் புள்ளிகளை அடுத்து எகரப் புள்ளிகள். விரல் தடவிப் படிப்பவருக்குக் கொம்பின் வடிவமோ அது நிற்கும் இடமோ தேவையே இல்லை. ஒலியின் ஒழுங்கை எழுத்தின் ஒழுங்காக வைத்தால் போதும் என்று அந்த முறை அரை நூற்றாண்டு முன்கூட்டியே காட்டிவிட்டது.

தட்டச்சுப் பொறி கண்ணின் பக்கம் சாய்ந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் வாழ்ந்த ஆர். முத்தையா, 1930களில் தமிழுக்கு விசைப்பலகை வகுத்தது பெரிய சாதனை. இருநூற்றுச் சொச்சம் எழுத்துகளை ஒரு சிறு பொறிக்குள் அடக்குவது விளையாட்டல்ல. தாள் மேல் மை படிய வேண்டிய கருவி என்பதால் கண் காணும் வரிசையிலேயே அடித்தாக வேண்டியிருந்தது: முதலில் கொம்பு, அப்புறம் மெய். பொறியின் இயல்பு அது, குறை சொல்லப் பயனில்லை. விரலிடம் கற்ற பாடத்துக்குப் பார்வை தேவையில்லை என்பதால் பார்வையற்றவர்கள் அந்தப் பலகையையும் கற்கத்தான் முடிந்தது. சிக்கல் வேறிடத்தில். அடித்ததைத் தாமே திரும்பப் படிக்கும் வழி தாளில் இல்லை. எழுதும் வாசல் திறந்திருந்தது, சரிபார்க்கும் வாசல் மூடியிருந்தது. ஒரு விண்ணப்பத்தை அடித்து முடித்தவர், அதில் தன் பெயர் சரியாக விழுந்திருக்கிறதா என்று அறிய வேறொருவரின் கண்ணை நாட வேண்டியிருந்தது. இந்த நிலை கணினி வந்ததும் மாறியிருக்க வேண்டும்.

தமிழில் அது மாறாமல் போனதற்குக் காரணம் எழுத்துருக் குழப்பம். 1990களில் தமிழ் கணினியில் ஏறியபோது, பல எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திவைத்தன. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்ற சொல் திரையில் அழகாகத் தெரியும். கணினியின் நினைவில் இருப்பதோ ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. பார்ப்பவருக்கு இந்த வேடம் தெரியவே தெரியாது. திரைவாசிப்பான் வடிவத்தைப் பார்க்காமல் நினைவில் உள்ளதைப் படிப்பதால் அந்த ஐந்தையும் அப்படியே உளறிக் கொட்டும். அரசாணைகள், செய்திகள், கதைகள் என்று மலை மலையாகத் தமிழ் கணினியில் சேர்ந்த அந்த ஆண்டுகளில், பார்வையற்ற தமிழர்களுக்கு அதில் ஒரு வரிகூட எட்டவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாடு இரண்டு திசையிலும் ஓரடி வைத்தது. தமிழ்99 விசைப்பலகையில் மெய்யை அடித்துப் பிறகு உயிரை அடிக்கலாம். நாவின் வரிசை விரலுக்குத் திரும்பியது. அதே மாநாடு முன்வைத்த டாப், டாம் குறியாக்கங்கள் கண்ணின் வரிசையிலேயே நின்றன. யூனிகோடு மெய்க்குப் பின் உயிர்க்குறி என்னும் ஒலி வரிசையைக் கொண்டது. திரையில் கொம்பை முன்னால் நகர்த்திக் காட்டும் வேலையை அது எழுத்துருவிடம் விட்டுவிட்டது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. பாரதி பிரெய்ல் 1951இல் வந்து நின்ற இடத்துக்குக் கணினித் தமிழ் வந்து சேர ஏறத்தாழ 60 ஆண்டுகள் ஆயின. பார்வையற்றோரின் எழுத்து முறையை அறிந்தவர்களை அந்த விவாதங்களின் மையத்தில் உட்கார வைத்திருந்தால் இவ்வளவு காலம் வீணாகியிருக்காது என்பது என் கணிப்பு.

திரைவாசிப்பான்களின் கதையும் இதே தடத்தில்தான் ஓடுகிறது. டாஸ் காலத்துத் திரை, 80 எழுத்து அகலமும் 25 வரி உயரமும் கொண்ட எழுத்துக் கட்டம். எல்லாருமே விசைப்பலகையால்தான் வேலை செய்தார்கள். ஜிம் தாட்சர் ஐபிஎம்மில் தன் பார்வையற்ற சக ஆய்வாளர் ஜெஸ்ஸி ரைட்டோடு சேர்ந்து உருவாக்கிய திரைவாசிப்பான் 1986இல் வெளிவந்தது. விபத்தில் பார்வையிழந்த டெட் ஹென்டரின் ஜாஸ் 1989இல் வந்தது. பார்ப்பவர்களும் பார்க்காதவர்களும் கிட்டத்தட்ட ஒரே கருவியை ஒரே விதமாகக் கையாண்ட அபூர்வமான சில ஆண்டுகள் அவை. விண்டோஸும் சுட்டியும் பரவியதும் திரை, படமாக மாறியது. அதில் எழுத்து எங்கே, பொத்தான் எங்கே என்று கண்டுபிடிப்பதே தனிப் போராட்டமானது. ஜாஸ் அந்தப் போராட்டத்தில் வென்றது, ஆனால் அதன் விலை ஆயிரம் டாலரை ஒட்டி இருந்தது. ஒரு மீனவக் குடும்பத்துக்கு அது எந்தக் கணக்கிலும் கட்டாத விலை. 2006இல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் என்விடிஏவை எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்தார். இருவருமே பார்வையற்றவர்கள். விலை கிடையாது, நிரலும் திறந்தே இருக்கும். அதனோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் தமிழும் பேசியது. இயந்திரத்தனமான குரல்தான், கேட்டவுடன் காது சுளிக்கும். ஆனாலும் யூனிகோடு தமிழை எழுத்து மாறாமல் படித்தது, வேகத்தைக் கூட்டினாலும் சிதையவில்லை. தன்னார்வலர்கள் என்விடிஏவின் கட்டளைகளையும் அறிவிப்புகளையும் தமிழாக்கினார்கள். குறியாக்கம், குரல், விலை ஆகிய மூன்று பூட்டுகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் திறந்துகொண்டன.

நான்காவது பூட்டு அதற்குள் வந்துவிட்டது: படிவம். இணையப் படிவத்துக்கு விதிகள் இல்லாமல் இல்லை. உலகளாவிய இணைய அணுகுதல் நெறிகள் முதன்முதலில் 1999இல் வெளியாயின. 2008இல் வந்த இரண்டாம் பதிப்பு, எல்லாச் செயலும் விசைப்பலகையால் இயல வேண்டும், விசையால் உள்ளே போனவர் வெளியேற வழியின்றிச் சிக்கக் கூடாது, நகரும் வரிசை பொருள் தர வேண்டும், பெட்டிக்குப் பெயர் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. அரசுத் தளங்களுக்கு இந்தியா 2009இலேயே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. விதி இருந்தும் வழி அடைபடுவது எப்படி என்பதற்கு மாவட்டப் பட்டியலே போதுமான சான்று. தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களும் ஒரு பட்டியலில் இருக்கின்றன. பழவேற்காட்டுக்காரர் திருவள்ளூரைத் தேர்ந்தால் பொன்னேரி வட்டம் அடுத்த பெட்டியில் வர வேண்டும். சுட்டி பிடித்தவர் பட்டியலை விரித்துத் திருவள்ளூரின் மேல் ஒரு சொடுக்குப் போட்டு முடித்துவிடுவார். கீழ் அம்பை அழுத்தியவருக்கு முதல் அழுத்திலேயே அரியலூர் வரும். தேர்வு மாறிய கணமே பக்கத்தைப் புதுப்பிக்கும்படி நிரல் எழுதியிருந்தால், அடுத்த பெட்டியில் அரியலூரின் வட்டங்கள் வந்து குந்தும், கவனமும் பக்கத்தின் உச்சிக்கு எகிறும். ஆங்கிலப் பட்டியலில் டி எழுத்தை அடித்துத் தாவலாம் என்றால், அந்த எழுத்தில் தொடங்கும் மாவட்டங்களே பத்துக்கும் மேல். ஆல்ட்டோடு கீழ் அம்பை அழுத்திப் பட்டியலை முதலில் விரித்துக்கொண்டால், என்டர் அடிக்கும்வரை பெரும்பாலும் தேர்வு நிலைபெறாது. பழகியவர்கள் கண்டுகொண்ட உபாயம் இது. நிரல் எழுதியவர் செய்யாமல் விட்ட ஒரு வரி வேலையின் சுமை, அதை நிரப்பும் ஒவ்வொருவரின் விரலிலும் ஏறுகிறது. இதையும் தாண்டி வந்தவரைக் கடைசியில் சுழித்த எழுத்துப் படம் நிறுத்திவைக்கும். அதற்கு ஒலி வடிவமும் இல்லாவிட்டால் அத்தனை உழைப்பும் பாழ்.

குப்பத்தில் கணினி ஏது, எல்லாரும் கைப்பேசி அல்லவா வைத்திருக்கிறார்கள், விசைப்பலகையைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். கைப்பேசியில் டாக்பேக் போன்ற திரைவாசிப்பானை இயக்கியவருக்கு, விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்த பெட்டி, இடப்பக்கம் தள்ளினால் முந்தைய பெட்டி. பக்கத்தின் நிரலில் உள்ள வரிசையும் பெட்டியின் பெயருமே அங்கும் பேசும். விசைப்பலகைக்குச் சரியாக அமைந்த படிவம் பெரும்பாலும் கைப்பேசியிலும் ஒழுங்காக நடக்கும். அங்கே இடறுவது இங்கேயும் இடறும். இ-சேவை மையத்தில் உதவியாளர் இருக்கிறாரே என்பது இதைவிட வலுவான மறுப்பு. உண்மைதான், அந்த மையங்கள் பார்வையுள்ள பல்லாயிரம் பேருக்கும் கைகொடுக்கின்றன, அவை தேவை. ஆனால் வங்கிக் கணக்கு எண்ணும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் பிறர் கையில் போகின்றன, எழுதியது சரியா என்று சரிபார்க்கவும் முடிவதில்லை. தட்டச்சுப் பொறி காலத்தில் மூடியிருந்த அதே வாசல் இது. உதவியைத் தேர்ந்துகொள்வது வேறு, உதவியின்றி வழியே இல்லாதிருப்பது வேறு. அந்த மையத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கப் படிவம் அடிக்கும் ஊழியரும் சுட்டியைத் தொடாமல் டேப் விசையால்தான் பெட்டிக்குப் பெட்டி தாவுகிறார். வரிசை கெட்ட படிவம் அவருடைய வேலையையும் கெடுக்கிறது.

இந்த ஊர்களில் இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கை கேட்பவர்களும் உண்டு. வெயிலிலும் நீரின் எதிரொளியிலும் உப்புக்காற்றிலும் ஆயுள் முழுக்க உழைப்பவர்களின் கண்ணில் சதை வளர்வதும் புரை விழுவதும் மருத்துவம் நன்கறிந்தவை. பிறவியிலேயே பார்வையற்றவர்களை மட்டும் எண்ணிவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் எழுத்து மங்கத் தொடங்கும் படகோட்டியை விட்டுவிடுவது தவறான கணக்கு. பாடு முறையை நான் உயர்த்திப் பேசுகிறேன் என்ற மறுப்புக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அந்த முறையில் பட்டியலினத்தவருக்குப் பங்கில்லை. சேற்றில் கையால் தடவி இறால் பிடித்த இருளர்களுக்கும் பெண்களுக்கும் பங்கில்லை. பிறப்பைக் கொண்டு ஆளை வடிகட்டிய வரிசை அது, அந்த அநீதியை மழுப்ப எனக்கு மனமில்லை. அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, வரிசை வெளிப்படையாக, கேட்டறியத் தக்கதாக இருந்தது என்பதை மட்டுமே. இன்றைய படிவம் சட்டப்படி எல்லாருக்கும் உரியது. பாடு முறை பிறப்பின் பேரில் செய்த விலக்கை, இது கவனக்குறைவால் வேறு சிலர் மேல் செய்கிறது.

சட்டம் இப்போது வேகமாக நகர்ந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அதன் 42ஆம் பிரிவு தகவல் தொழில்நுட்பம் அணுகத் தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், 2017ஆம் ஆண்டு விதிகளின் 15ஆம் விதி அணுகுதலை வெறும் பரிந்துரையாக்கிச் சட்டத்தோடு முரண்படுகிறது என்று தீர்ப்பளித்து, கட்டாயமான விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் அணுகுதல் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறி 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. கண் சிமிட்டிக் காட்டினால்தான் உயிருள்ளவர் என்று ஏற்கும் வாடிக்கையாளர் சரிபார்ப்பு முறைதான் அந்த வழக்கைக் கொண்டுவந்தது. அமிலவீச்சில் முகம் சிதைந்தவர்களும் பார்வையற்ற ஒருவரும் அந்த வாசலில் நின்றிருந்தார்கள். இனி இது துறைகளின் நடைமுறைக்கு வந்தாக வேண்டும். ஒரு துறை தன் படிவத்தை வெளியிடும் முன், சுட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, திரையை அணைத்துவிட்டு, என்விடிஏவின் தமிழ்க் குரலை மட்டும் கேட்டு முதல் பெட்டியிலிருந்து ஒப்புகைச் சீட்டு வரை போய்ப் பார்க்கச் சொல்லலாம். பழவேற்காடு இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில், பூந்தமல்லியில், பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியும் தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இருக்கின்றன. அங்கே பயின்றவர்களைச் சோதனையாளர்களாக ஊதியம் கொடுத்து அமர்த்தலாம். மீன்வளத் துறையின் அடுத்த படிவத்துக்கு அவர்கள் கையெழுத்திட்ட பிறகே ஒப்புதல் என்று ஆக்குவதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை, ஓர் அரசாணை போதும்.